கோலாலம்பூருக்குப் பேருந்தா, ரயிலா, இல்லை கோவில் மண்டபத்திலேயே படமா?

திருவிழாக் கணக்கை முடித்த பிறகு கையில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நல்ல ஓவியம், சிற்பம் காட்டலாம் என்று கோவில் இளைஞர் பகுதிக்கு ஆசை. கூட்டத்தில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் இதுதான்: "பஸ்ஸ எடுத்துக்கிட்டு கே.எல். போயிட்டு வந்துடலாம்ணே." அதோடு தீர்மானம் முடிந்துவிடும். அதே பணத்துக்கு இன்னும் மூன்று வழிகள் உண்டு. அவற்றில் இரண்டு, பேருந்தைவிட மேல் என்பது எங்கள் கணிப்பு.

சிலாங்கூரின் பத்தாங் காலியை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கொமுட்டர் ரயில் நிலையம் உள்ள பட்டணம் என்பதால் ராசா, சிரண்டா, கோல குபு பாரு பக்கத்தாருக்கும் பொருந்தும். ரயில் இல்லாத ஊர்க்காரர்கள் இரண்டாவது வழியைத் தாண்டிப் படிக்கலாம்.

வாசலில் தடுப்பது எது?

வழியைத் தேர்ந்தெடுக்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தோட்டப்புறத்தார் ஓவியக் கூடங்களுக்குப் போகாததற்குக் காரணம் நுழைவுக் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் அது பாதிகூட உண்மையில்லை. தெமர்லோ சாலையில் இருக்கும் பாலாய் செனி நெகாரா, அதாவது தேசியக் கலைக்கூடம், இலவசம். 1958 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் திறந்துவைத்தபோது கையிருப்பு, கொடையாக வந்த நாலே நாலு படைப்புகள். அம்பாங் சாலையில் தொடங்கி, 1984-ல் பழைய மெஜஸ்டிக் ஓட்டலுக்கு மாறி, 1998-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. பிஞ்சாய் சாலையில் 2015-ல் தொடங்கிய தனியார் கூடமான இல்ஹாமும் இலவசம். சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா (மத்திய வங்கி) அருங்காட்சியகமும் அப்படியே. அல்புகாரி அறவாரியம் 1998 டிசம்பரில் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் கட்டணம் உண்டு. தேசிய அருங்காட்சியகத்தில் மைகார்ட் (குடிமக்கள் அடையாள அட்டை) காட்டினால் சில வெள்ளியோடு போகும்.

கதவு திறந்திருந்தும் ஏன் உள்ளே போவதில்லை? இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தபோதே இலவசம்தான். ஆனால் முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சீட்டு வாங்க வேண்டும். விண்ணப்பித்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். கூலி வேலைக்காரன் எந்தத் துணிச்சலில் எழுதிப் போடுவான்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியே கிடந்தது. வாரத்தில் ஆறு நாள் உழைக்கிறவனுக்கு ஞாயிறு மூடிய கூடம் எப்போதும் மூடிய கூடம்தான். மனுக்கள் குவிந்து, நீண்ட சண்டைக்குப் பிறகு 1891-ல்தான் ஞாயிற்றுக்கிழமைக் கதவு திறந்தது. அப்படியும் 1897-ல் வேலை உடுப்போடு வந்த ஒருவரை வெளியே அனுப்பிப் பத்திரிகைகளில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிரிட்டனில் 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் கட்டணத்தை எடுத்தார்கள். கூட்டம் கூடியது, ஆனால் அதில் பெரும்பகுதி முன்பே போய்க்கொண்டிருந்த வசதிக்காரக் குடும்பங்கள் இன்னும் அடிக்கடி போனதுதான். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் போர்தியூ 1960-களில் ஐரோப்பிய அருங்காட்சியகப் பார்வையாளர்களை ஆராய்ந்து சொன்னதும் இதையே: சீட்டு விலையைவிட, படிப்பும் வீட்டில் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கமும்தான் ஆளை உள்ளே கொண்டுபோகின்றன.

நம் பக்கத்தில் இந்தத் தடை எப்படி இருக்கும் என்றால், "சிலிப்பர் போட்டுக்கிட்டுப் போனா உள்ள விடுவாங்களா?" என்று இருக்கும். அரசாங்க அலுவலக வாசலில் அரைக்கால் சட்டையையும் சிலிப்பரையும் குறுக்கே கோடு போட்டு மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்துப் பார்த்து, சலவைக்கல் தரை தெரிந்தாலே கால் தயங்குகிறது. உள்ளே விளக்கச் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ்ப்பள்ளியோடு நிறுத்திக்கொண்ட பாட்டிக்கு அது சுவர். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளான பெரியவர்களுக்குக் கட்டணமுள்ள இடங்களில் இன்னொரு சங்கடம்: குடிமக்கள் விலையா, வெளிநாட்டவர் விலையா என்று முகப்பில் நின்று பேச வேண்டிவரும். அவர்களைக் கூட்டிப்போவதென்றால் இலவசக் கூடத்துக்குக் கூட்டிப்போங்கள், அல்லது முன்தினமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ரப்பர்ப் பணம் ஓவியமாக மாறாமல் இல்லை, அது தோட்டத்துக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான். ஈயத்திலும் ரப்பரிலும் செல்வம் சேர்த்த லோக் இயூவின் மகன் லோக் வான் தோ 1960-ல் சிங்கப்பூருக்குக் கொடுத்த 110 படைப்புகள்தான் பிற்பாடு அங்கே தேசியக் கலைச் சேகரிப்புக்கு விதையாயின.

ஆக, பயணச் செலவு, ஓய்வு நாள், கூச்சம், மொழி என்று தடைகள் நான்கு. எந்த வழி இவற்றில் எதை எடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

முதல் வழி: பேருந்து

44 இருக்கைப் பேருந்துக்கு நாள் வாடகை 1,200 வெள்ளி கேட்கிறார்கள் என்று கொண்டால், 40 பேர் ஏறினால் தலைக்கு 30. கடைசி நேரத்தில் 12 பேர் வராமல் போனால் அதே வாடகை தலைக்கு 43 ஆகிவிடும். வருகிறேன் என்று சொன்னவர்களிடம் 10 வெள்ளி முன்பணம் வாங்கி, பேருந்தில் ஏறியதும் திருப்பிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும். பள்ளிப் பெயரில் போவதென்றால் கல்வி இலாகா அனுமதியும் பெற்றோர் கையொப்பமும் வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். கோவில் பெயரில் குடும்பம் குடும்பமாகப் போவது சுலபம்.

பேருந்துப் பயணம் கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: பட்டியலில். காசு கொடுத்தாயிற்றே என்று காலையில் பத்துமலை, பிறகு தேசிய அருங்காட்சியகம், மத்தியானம் கலைக்கூடம், சாயங்காலம் இரட்டைக் கோபுரம் என்று அடுக்குவார்கள். கலைக்கூடத்துக்குள் நுழையும்போது பிள்ளைகளுக்குப் பசி, பெரியவர்களுக்குக் கால் வலி, ஓட்டுநருக்கு அவசரம். 20 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றி, வாசலில் குழுப்படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். மனதில் நிற்பது பேரங்காடி மட்டும்.

போவதென்றால் ஒரே கூடம், அதுவும் காலையில் முதல் வேலையாக. 40 பேரும் ஒரு படத்தின் முன் நின்றால் பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். பத்துப் பேராக நான்கு குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர். 45 நிமிடம், ஐந்து படைப்பு. அதற்கு மேல் வேண்டாம். வழிகாட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள், விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் என்பதை எதிர்பார்த்துத் தமிழில் சொல்ல ஒருவரைத் தயார் செய்யுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. தெமர்லோ சாலைக்குப் பக்கத்திலேயே தித்திவாங்சா ஏரிப் பூங்கா இருக்கிறது, அங்கே பாய் விரித்துச் சாப்பிடலாம். கட்டடத்துக்குள் மாடிக்கு மாடி சுற்றி ஏறும் சரிவுப் பாதை இருப்பதால் முட்டி வலிக்காரர்களும் மெதுவாக ஏறிவிடுவார்கள்.

பேருந்து பயணச் சிரமத்தை எடுக்கிறது. கூச்சத்தைக் கொஞ்சம் எடுக்கிறது, கூட்டமாகப் போவதால். ஆனால் மறுபடி தானாகப் போகக் கற்றுத்தருவதில்லை. அடுத்த பேருந்து வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

இரண்டாவது வழி: கொமுட்டரில் ஆறேழு பேராக

வழி இது. பத்தாங் காலியில் கொமுட்டர் ஏறி, சுங்கை பூலோவில் இறங்கி, அதே நிலையத்தில் எம்.ஆர்.டி. நகர ரயிலின் புத்ராஜெயா தடத்துக்கு மாறுங்கள். நேராக 'ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர்' நிலையம். பெயரைப் பார்த்து மருத்துவமனைக்குப் போகிற இடம் என்று மிரள வேண்டாம். தேசிய நூலகம், இஸ்தானா புடாயா நாடக அரங்கம், கலைக்கூடம் எல்லாம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். 2023 மார்ச்சில் இந்தப் பகுதித் தடம் திறந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது. இன்னும் வசதி என்னவென்றால், அதே தடத்தில் அங்கிருந்து மூன்றாவது நிலையமான 'பெர்சியாரான் கே.எல்.சி.சி.'யில் இறங்கினால் இல்ஹாமுக்கும் நடந்தே போய்விடலாம். ஒரே ரயிலில் அரசாங்கக் கூடம் ஒன்று, பணக்காரர் கட்டிய கூடம் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், காவலாளி எங்கே நிற்கிறார், உட்கார நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள், யாரை எதிர்பார்த்து அந்த இடம் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

ஆளுக்கொரு டச் அன் கோ அட்டை இருக்க வேண்டும். ஒரே அட்டையை இருவருக்குத் தட்ட முடியாது. அட்டையில் மீதி குறைந்தால் வெளியேறும் தடுப்பில் மாட்டிக்கொள்வார்கள், கிளம்பும் இடத்திலேயே பணம் ஏற்றுங்கள். ரவாங்குக்கு வடக்கே ரயில் அடிக்கடி வராது. திரும்பி வரும் ரயில் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் பிள்ளைகளோடு நடைமேடையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்; இல்ஹாம் அன்று மூடியிருக்கும். ஞாயிறுதான் சரி. வீட்டில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு ஒன்றுதான் செலவு.

உள்ளே போனதும் என்ன செய்வது என்று தெரியாத தவிப்புத்தான் பெரிய தடை, அதற்கு ஒரு தாள் போதும். தமிழில் ஐந்து கேள்வி: இந்தப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? யாருடைய கை பெரிதாக வரையப்பட்டிருக்கிறது? நம் தோட்டத்தில் இதைப் பார்த்திருக்கிறோமா? இப்படி. தேசியச் சேகரிப்பில் பேட்ரிக் இங் 1958-ல் வரைந்த, மண்ணும் நீரும் காற்றும் கலந்த பெரிய ஓவியம் இருக்கிறது. நிர்மலா தத் சண்முகலிங்கம் 1970-களில் குப்பையையும் புகைப்படத்தையும் கொண்டு வைத்த கேள்விகள் உண்டு. எல்லாம் எப்போதும் சுவரில் இருக்காது, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். ஆகவே குறிப்பிட்ட படத்தை எழுதாமல் எந்தப் படத்துக்கும் பொருந்தும் கேள்வியாக எழுதுங்கள். படத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும், பிளாஷ் கூடாது, பெரிய பையை முகப்பில் கொடுத்துவிட வேண்டும். இந்த மூன்றையும் ரயிலிலேயே சொல்லிவிட்டால் காவலாளி வந்து சொல்லி முகம் சுருங்கும் நிலை வராது. காலணி? சிலிப்பருக்குப் பதில் பள்ளிச் சப்பாத்து போட்டால் மனம் லேசாக இருக்கும்.

குறை என்னவென்றால், ஒரு ஞாயிறுக்கு ஏழு பேர்தான். ஐம்பது பேர் பார்க்க ஏழெட்டு ஞாயிறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர்.

மூன்றாவது வழி: கோவில் மண்டபத்தில் படக் கண்காட்சி

கேட்டதும் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள்: நகல்தானே! நகலை அலட்சியமாகப் பேச நமக்கு உரிமையில்லை. திருவாங்கூர், பரோடா அரண்மனைச் சுவர்களில் இருந்த ரவி வர்மாவின் ஓவியங்கள் 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் சாதாரண வீடுகளுக்கு வந்தன. அந்த லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டராக மாறி, கோவில்பட்டி கொண்டையா ராஜுவின் கை வழியாகச் சிவகாசியில் அச்சாகி, கப்பலேறி வந்து லயத்து வீட்டுச் சுவரிலும் தொங்கினார்கள். தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஓவியம் அறிமுகமில்லை என்பது நகரத்தார் சொல்லும் கதை. ஓவியம் எப்போதும் வீட்டில் இருந்தது, சாமி அறையில்.

பன்னிரண்டு படம் போதும். படங்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்து 50 ஆண்டு ஆகும்வரை அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது. பேட்ரிக் இங் இறந்தது 1989. இன்னும் காலம் இருக்கிறது. ரவி வர்மா 1906-ல் இறந்தவர், பிரச்சினை இல்லை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய படைப்புகளில் லட்சக்கணக்கானவற்றின் படங்களை 2017 பிப்ரவரியிலிருந்து இணையத்தில் யாரும் எடுத்து அச்சிட விட்டிருக்கிறது. வேடிக்கையைப் பாருங்கள்: அதே இடத்தில் நேரில் நுழைய வெளியூர்க்காரர் 30 டாலர் தர வேண்டும், படத்தை மட்டும் பத்தாங் காலியிலிருந்து சும்மா இறக்கிக்கொள்ளலாம்.

மெட்ரோபாலிட்டனில் சோழர் கால வெண்கலப் பார்வதி ஒன்று இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு, உயரம் 69.5 சென்டிமீட்டர். ஏ1 தாளின் நீளம் 84.1 சென்டிமீட்டர். அதாவது அம்மனை அசல் அளவிலேயே, ஒரு விரற்கடை குறையாமல் அச்சிடலாம். புத்தகத்தில் கட்டைவிரல் உயரத்தில் பார்த்த சிலையை இடுப்புயரப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்கும். இடை வளைவும் தொங்கவிட்ட இடது கையும் அப்போதுதான் கண்ணில் படும். இதற்கு மட்டும் ஏ1, மற்றவை ஏ2.

அச்சில் தவறுகிற இடங்கள்: ஏ2 அளவுக்குப் படக்கோப்பு குறைந்தது 2,480க்கு 3,508 புள்ளி (பிக்சல்) இருக்க வேண்டும், இல்லையென்றால் கிட்டப்போனால் கட்டம் கட்டமாகத் தெரியும். வாட்சப்பில் அனுப்பிய படம் ஆகாது, அனுப்பும்போதே சுருங்கிவிடும். கோப்பை பென்டிரைவில் கொண்டுபோங்கள். பளபளப்புத் தாளில் மண்டபத்துக் குழல்விளக்கு கோடு கோடாகப் பிரதிபலிக்கும், மேட் தாள்தான் வேண்டும். பஞ்சு அட்டையில் (ஃபோம் போர்டு) ஒட்டினால் நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு வாரத்தில் அப்பளம்போல வளையும். கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பி.வி.சி. பலகை.

மாட்டுவதில்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர். பிள்ளைகள் அதிகமென்றால் 125. பழக்கதோஷத்தில் சாமி படம்போல நிலைக்கு மேலே மாட்டிவிடுவார்கள். கழுத்து வலிதான் மிச்சம். ஒட்டுக் களிமண் (புளூ டாக்) ஈரத்தில் இளகிப் படம் ராத்திரியில் விழும். இரட்டைப் பக்க நாடா பிடிக்கும், கழற்றும்போது சுவர்ச் சாயத்தையும் கூட்டிக்கொண்டு வரும், பிறகு நிர்வாகத்திடம் யார் பேசுவது? தடுப்புக் கம்பியிலிருந்து மெல்லிய கம்பியில், படத்துக்கு இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுவதுதான் சரி. தூண்டில் நரம்பு வெயிலில் நீண்டு, மத்தியானத்துக்குள் படம் சாய்ந்துவிடும். சூட விளக்குப் புகை படும் பக்கம், மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் இரண்டும் ஆகாது. முக்கியமாக, அம்மனைக் காலணி வைக்கும் இடத்துப் பக்கம் மாட்டிவிடாதீர்கள்; கண்காட்சி அன்றைக்கே முடிந்துவிடும். யாராவது படத்துக்குப் பூ வைப்பார்கள், குங்குமம் பூசப் பார்ப்பார்கள். பூவுக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள், குங்குமத்துக்கு மட்டும் அன்பாக வேண்டாமென்று சொல்லுங்கள்.

விளக்கச் சீட்டு முதலில் தமிழில், 24 புள்ளி எழுத்தில், ஐந்து வரி; கீழே மலாயில். எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எதனால் ஆனது, யார் காசு கொடுத்துச் செய்ய வைத்தார்கள். இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள்; பெரியவர்கள் நின்று பேசுவது அதைப் பற்றித்தான்.

தேதி ரொம்ப முக்கியம். தனி நாளில் வைத்தால் ஏற்கனவே ஆர்வமுள்ள முப்பது பேர் வருவார்கள். திருவிழாவில், அன்னதான வரிசை நிற்கும் சுவரோரமாக வைத்தால், வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பன்னிரண்டு படத்தையும் பார்த்துத்தான் சோற்றுக்கு வர வேண்டும். பயணமில்லை, ஓய்வு நாள் சிக்கலில்லை, மொழிச் சுவரில்லை, செருப்பைப் பற்றிய பயமில்லை, இங்கே எல்லாரும் வெறுங்கால். அசல் மட்டும் இல்லை.

நான்காவது வழி: தோட்டத்திலேயே ஓர் அருங்காட்சி அறை

பால்மரம் சீவும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி, பழைய பெரட்டுப் பதிவேடு (ஆள் கணக்கு), குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகையில் சேர்த்து நிரந்தரமாக வைக்கலாம் என்பது அழகான யோசனை. 3,000 வெள்ளிக்கு இதைத் தொடாதீர்கள். தொடங்குவதற்கு அந்தப் பணம் போதும், நடத்துவதற்குப் போதாது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், நம் பக்கத்தில் சாதாரண நாளிலேயே அதைத் தாண்டியிருக்கும். கரையான், ராமபாணப் பூச்சி, மாதாமாதம் மின்கட்டணம். சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் மகள் வீட்டுக்குப் போன வாரம் அறை திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டடமும் நிலமும் தோட்ட நிறுவனத்துடையது. நிலம் வீடமைப்புக்குக் கைமாறினால் மூன்று மாத அறிவிப்பில் காலி செய்ய வேண்டிவரலாம். இப்போதைக்குப் பொருட்களைப் படம் எடுத்து, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

பணத்தைப் பிரிப்பது

எங்கள் கணக்கில் மூன்றாவது வழி முதலில், இரண்டாவது அதைத் தொடர்ந்து. பாதிப் பணத்தை மண்டபக் கண்காட்சிக்கு வையுங்கள். அச்சுக்கடைக்குக் கடை விலை மாறும், இரண்டு இடத்திலாவது விலை கேளுங்கள். கண்காட்சியில் அதிக நேரம் நின்ற பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள், ரயிலில் முதலில் போக வேண்டியவர்கள் அவர்களே. மீதியில் 1,000 வெள்ளியை ஞாயிறு பயணங்களுக்கு, டச் அன் கோ ஏற்றவும் மதியச் சாப்பாட்டுக்கும். ரயில் ஏற முடியாத வயதானவர்கள் நிறைய இருக்கிற ஊரென்றால் மட்டும் பேருந்தைப் பிடியுங்கள், அதுவும் ஒரே கூடத்துக்கு.

எஞ்சும் 500 படங்களைக் காப்பதற்கு. திருவிழா முடிந்ததும் அடுக்கிக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். பலகைகளை முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் பட்டர் தாள் வைத்து, செங்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்பு அலமாரியில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ராசா கோவிலோ கோல குபு பாரு தமிழ்ப்பள்ளியோ இரவல் கேட்டால் கொடுங்கள். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண் எழுதி, போகும்போதும் வரும்போதும் நாலு மூலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நசுங்குவது எப்போதும் கீழ் வலது மூலைதான், எல்லாரும் அதைத்தான் தரையில் ஊன்றி வைப்பார்கள்.